பெயர் போய் எண்ணாக வந்த புத்தகம்

கரிசல் காட்டில் ஐப்பசி மழை பெய்தால் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் கோவில்பட்டிப் பக்கம் நாலு தூறல் விழுந்ததும் முதலில் போவது கரண்ட். அன்றைக்குச் சாயங்காலமும் போனது, வந்தது, மறுபடி போனது, ரெண்டு நிமிஷம் கழித்து வந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டு மொத்தமாகப் போய்விட்டது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் எப்போதோ ஒரு செட்டிங் வைத்திருந்தேன். அது ஒவ்வொரு முறையும் விசுவாசமாக எழுந்து, எழுந்த வேகத்தில் அடி வாங்கியிருக்கிறது.

யுபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதன் பேட்டரி செத்து ஏழெட்டு மாதம். ராத்திரியில் கீ கீ என்று கத்திக்கொண்டே இருந்ததால் வயரைப் பிடுங்கி நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருந்தேன். யுபிஎஸ் மேல் இப்போது ஒரு மணிபிளான்ட் இருக்கிறது.

எட்டு மணிக்குக் கரண்ட் நிலையாக வந்ததும் சுவிட்சைப் போட்டேன். லினக்ஸ்காரர்களுக்குத் தெரியும், சில நேரம் பூட் ஆகும்போது சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஊர்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடும். ஒரு டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஒன்றரை நிமிஷம் பொறு என்று அதற்கு அர்த்தம். ஒன்றரை நிமிஷம் முடிந்தது. கருப்புத் திரை. எமர்ஜென்சி மோடில் இருக்கிறீர்கள், ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றது. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வேலை எல்லாம் இருக்கும் ஹோம் பார்ட்டிஷன், 850 ஜிபி, கண்ணிலேயே படவில்லை.

நான் புத்தகம் வடிவமைத்துப் பிழைப்பவன். அந்த 850 ஜிபிக்குள் பதினோரு வருஷ வேலை இருந்தது. அதில் பெரும்பாலானதை ஏதாவது ஒரு பதிப்பகத்தின் மெயிலில் தேடி எடுத்துவிடலாம். எடுக்க முடியாதது ஒன்றுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எண்பதைத் தொடப் போகிறவர், எங்கள் வட்டாரக் கண்மாய்களைப் பற்றி ஆறு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். எந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, கலுங்கு எந்தப் பக்கம், மடை திறக்கிறவருக்கு என்ன கூலி நெல் என்று எல்லாம். நாலு மாதமாக நானே டைப் செய்துகொண்டிருந்தேன். ஒன்பது அத்தியாயம். பேக்கப் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பையன்.

"லினக்ஸா சார்? ஒண்ணும் பிரச்னை இல்ல. ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுக் குடுத்துர்றேன். அரை மணி நேர வேலை. டேட்டா எதுவும் வேணுமா?"

அந்தக் கடைசிக் கேள்வியை எவ்வளவு சாதாரணமாகக் கேட்டான் என்பது இன்னும் காதில் இருக்கிறது. நானே பார்த்துக்கொள்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன்.

இணையத்தில் தேடினால் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது ஒரே வைத்தியம்: எஃப்எஸ்சிகே ஓட்டு, எல்லாக் கேள்விக்கும் 'எஸ்' என்று தானாகப் பதில் சொல்லும்படி மைனஸ் ஒய் சேர்த்து ஓட்டு. பாதிப் பேருக்கு அது வேலையும் செய்யும். எனக்கு இந்த வைத்தியத்தின் மேல் பயம் உண்டு, பழைய அனுபவம். எஃப்எஸ்சிகே, பெல் ஆய்வகத்தில் டி. ஜே. கோவல்ஸ்கி யூனிக்ஸுக்காக எழுதிய புரோகிராம். லினக்ஸில் இப்போது ஓடுவது வேறொரு வாரிசு, குணம் அதேதான். அது உங்கள் ஃபைலைக் காப்பாற்ற வந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்கு வேண்டியது கணக்கு நேராவது மட்டும். கணக்கு நேராக உங்கள் ஃபைலை அடித்து எழுத வேண்டும் என்றால் அடித்து எழுதிவிட்டுப் போகும்.

தாலுகா ஆபீஸ் நிலப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் என்பது 4 கேபி, 4 கேபியாகச் சர்வே எண் போட்டுப் பிரித்த நிலம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பட்டா உண்டு, ஐநோடு என்று பெயர். எந்தெந்தச் சர்வே எண் இந்த ஃபைலுக்குச் சொந்தம், எவ்வளவு அளவு, யார் பேரில் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் ஃபைலின் பெயர் மட்டும் அதில் இருக்காது. பெயர் இருப்பது ஃபோல்டரில். ஃபோல்டர் என்பது 'இந்தப் பெயர், இந்தப் பட்டா எண்' என்று எழுதிய ஒரு பட்டியல், அவ்வளவுதான். இந்த மொத்த ஆபீசுக்கும் முகப்பில் ஒரு பலகை தொங்கும், சூப்பர் பிளாக். நிலம் மொத்தம் எவ்வளவு, ஒரு துண்டு எத்தனை கேபி, பதிவேடு எங்கே ஆரம்பிக்கிறது என்று அது சொல்லும். பார்ட்டிஷனின் ஆரம்பத்தில் 1024 பைட் தள்ளி அது உட்கார்ந்திருக்கும். எனக்குப் போனது அந்தப் பலகை. பலகை இல்லாததால் ஆபீசே இல்லை என்று சிஸ்டம் முடிவு கட்டிவிட்டது.

கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது, ஜர்னல் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், அதற்கு ஒரு எல்லை உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஜர்னல் என்றால் குறிப்பேடு. வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதி, அப்புறம் பேரேட்டுக்கு ஏற்றுவார்கள். இங்கேயும் அதே கதை. 1993-இல் வந்த இஎக்ஸ்டி2 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் குறிப்பேடு கிடையாது. கம்ப்யூட்டர் தப்பாக அணைந்தால் மொத்தப் பேரேட்டையும் முதலிலிருந்து சரிபார்த்தாக வேண்டும். போய் டீ குடித்துவிட்டு வரலாம், சில நேரம் சாப்பிட்டுவிட்டே வரலாம். 2001-இல் இஎக்ஸ்டி3 கெர்னலுக்குள் வந்தபோது குறிப்பேடும் வந்தது, 2008-இல் நிலையான கெர்னலில் சேர்ந்த இஎக்ஸ்டி4-லும் அது தொடர்கிறது. பாதியில் நின்ற வேலையைக் குறிப்பேட்டைப் பார்த்து நொடியில் முடித்துவிடும். ஆனால் வழக்கமான அமைப்பில் குறிப்பேட்டில் ஏறுவது பட்டா விவரம் மட்டும். நிலத்தில் விளைந்தது, அதாவது நீங்கள் எழுதிய எழுத்து, அதில் ஏறாது. டிஸ்க்கில் அந்த இடமே படிக்க முடியாமல் போனால் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படிக்க முடியாமல்தான் போயிருந்தது. லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிஸ்க்கின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அதில் 5, 197, 198 என்ற மூன்று வரிகளைத்தான் நான் பார்ப்பது வழக்கம். 197-ஆவது வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. பூஜ்யமாக இருக்க வேண்டியது அங்கே பூஜ்யமாக இல்லை. அப்படிப்பட்ட டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டுவது, காய்ச்சல்காரனை எழுப்பி ஓட விடுகிற மாதிரி. அது படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் முன்னும் பின்னும் அலையும். எழுதியதைத் திரும்ப வாங்க முடியாது.

அதனால் முதலில் நகல். மறுநாள் காலை கடை திறந்ததும் 2 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்று வாங்கிவந்தேன். நகல் எடுக்க அன்டோனியோ டயஸ் டயஸ் எழுதிய ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. சாதாரண காப்பி கட்டளை கெட்ட இடத்தில் முட்டினால் அங்கேயே நின்று போராடும், இல்லை கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இது அப்படியில்லை. முட்டினால் தாண்டிக் குதித்து, நல்ல இடத்தை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். அப்புறம்தான் கெட்ட இடத்தின் ஓரங்களைச் சுரண்டும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் (நம் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்) விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நல்ல டிஸ்க்காக இருந்தால் மூன்று மணி நேரத்தில் முடியும் வேலை, மறுநாள் விடியும்வரை ஓடியது. ராத்திரி ரெண்டு மணிக்கு வேகம் நொடிக்கு நூறு எம்பியிலிருந்து சில கேபிக்கு இறங்கியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரியும். ஆஸ்பத்திரியில் சொட்டுச்சொட்டாக இறங்கும் பாட்டிலை எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் டிஸ்க் சத்தம் போடவில்லை. உங்கள் டிஸ்க் 'டக், டக்' என்று தட்டினால் இதில் எதையும் செய்யாதீர்கள். அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரியையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

காலையில் கணக்கு வந்தது. 850 ஜிபியில் படிக்க முடியாமல் போனது 60 செக்டார், ஒன்று 4 கேபி, மொத்தம் 240 கேபி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு போன் போட்டோவுக்குக் காணாது இந்த 240 கேபி. பாதி, கிழடாகிப்போன டிஸ்க்கின் பழைய ஊனமாக இருக்கலாம். மற்றது, கரண்ட் வெட்டிய அந்த நொடியில் எங்கே எழுதிக்கொண்டிருந்ததோ அந்த இடங்கள் என்பது என் ஊகம். ஏனென்றால் போனதில் ஒன்று சூப்பர் பிளாக். அப்போது நான் திறந்து வைத்திருந்தது கண்மாய்ப் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம்.

நகலுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

சூப்பர் பிளாக் போனால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதை வடிவமைத்தவர்கள் விவரமானவர்கள். 128 எம்பிக்கு ஒரு குரூப் என்று டிஸ்க்கைப் பிரித்து, சில குரூப்களின் தலையில் அதே பலகையின் நகலை மாட்டி வைத்திருக்கிறார்கள். எந்தெந்தக் குரூப்? 1, அப்புறம் 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகள்: 3, 5, 7, 9, 25, 27, 49 இப்படி. ஒரு குரூப்புக்கு 32768 பிளாக். ஆகவே நகல்கள் இருப்பது 32768, 98304, 163840, 229376, 294912 என்ற இடங்களில். வாய்ப்பாடு தெரிந்தால் போதும். இந்த இடங்களைக் கண்டுபிடிக்க, ஃபார்மேட் செய்யும் கட்டளையையே மைனஸ் என் போட்டு ஓட்டு, அது ஃபார்மேட் செய்யாமல் இடத்தை மட்டும் சொல்லும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். சரியான யோசனைதான். ஆனால் அந்த ஒரு எழுத்தை மறந்தால் கடைப் பையன் சொன்ன அரை மணி நேர வேலையை நீங்களே அஞ்சு செகண்டில் முடித்துவிடுவீர்கள். நான் பெருக்கல் கணக்கே போட்டுக்கொண்டேன்.

ரிப்பேருக்கு முன்னால், இருப்பதை இருக்கிறபடியே பார்க்க வேண்டும். படிக்க மட்டும் என்று சொல்லி மவுன்ட் செய்தால் எதுவும் மாறாது என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். தப்பு. படிக்க மட்டும் என்று சொன்னாலும் இஎக்ஸ்டி4 குறிப்பேட்டை எடுத்துப் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் திறக்கும். அதைத் தொடாதே என்பதற்கு 'நோலோட்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். கூடவே, முன் பலகை இல்லை, இந்த இடத்து நகலைப் பார் என்றும் சொல்லலாம். அந்த இடத்தில் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். 32768 என்று கொடுத்தால் ஏற்கவே இல்லை. விஷயம் என்னவென்றால், எஃப்எஸ்சிகே 4 கேபி துண்டாக எண்ணுகிறது, மவுன்ட் கட்டளை 1 கேபி துண்டாக எண்ணுகிறது. அதனால் நாலால் பெருக்கி 131072 என்று கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

திறந்தது.

பதினோரு வருஷமும் வரிசையாக நின்றது, ஃபோல்டர் ஃபோல்டராக, என் எழுத்துப் பிழைகளோடு கூடிய பெயர்களோடு. எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி போட்டுவிட்டுக் கடைசியாக 'கண்மாய்' ஃபோல்டரைத் திறந்தேன். காலி.

அந்த நேரம் பார்த்து ஐயா போன் செய்தார்.

"தம்பி, அட்டை எப்ப வரும்? நம்ம ஊர்க் கண்மாய் போட்டோ ஒண்ணு இருக்கு, வேணும்னா கொண்டுட்டு வரட்டா?"

"கொண்டு வாங்கய்யா. அவசரமில்ல."

அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

காலி ஃபோல்டர் என்றால் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. பெயர்ப் பட்டியல் இருந்த 4 கேபி, அந்த அறுபதில் ஒன்றாகப் போயிருக்கிறது. பட்டாக்கள் எங்கேயோ பத்திரமாக இருக்க வேண்டும். யாருடையது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போதுதான் எஃப்எஸ்சிகேயைக் கூப்பிட்டேன், நகலின் மேல், 32768-ஆம் இடத்துப் பலகையைக் காட்டி. நகல் பலகையில் குறி இல்லை, இருந்தாலும் ஜர்னலை ஓட்டுகிறேன் என்று தானே சொல்லிக்கொண்டு ஆரம்பித்தது.

ஐந்து சுற்று வரும். முதல் சுற்றில் ஒவ்வொரு பட்டாவாக எடுத்து நிலத்தோடு ஒப்பிடும். ஒரே நிலத்துக்கு ரெண்டு பேர் பட்டா வைத்திருந்தால் இங்கே பிடிபடும். நம் தாலுகாவில் இருபது வருஷம் கோர்ட்டுக்கு அலையும் விவகாரத்தை இது நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்து முடித்துவிடும். இரண்டாம் சுற்றில் ஃபோல்டர் பட்டியல்கள். 'கண்மாய்' இங்கேதான் மாட்டியது, சிதைந்திருக்கிறது, முடிந்ததைத் தேற்றட்டுமா என்று கேட்டது. மூன்றாவது சுற்றில் ஃபோல்டர்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்த்தது. நான்காவதில் ஒவ்வொரு பட்டாவையும் எத்தனை பெயர் சுட்டுகிறது என்று எண்ணும்போது அந்த வரிகள் வர ஆரம்பித்தன: இந்த ஐநோடு யாரோடும் சேரவில்லை, லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் சேர்க்கட்டுமா? சேர். சேர். சேர். ஒய் விசையை ஒவ்வொரு முறையும் நானே அமுக்கினேன். ஐந்தாவது சுற்று மொத்தக் கூட்டல் கழித்தல், அதைப் பார்க்கப் பொறுமை இல்லை.

லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரை நீங்கள் பார்த்திருக்கலாம். எப்போதும் காலியாக இருக்கும், எதற்கு என்று தெரியாமல் தாண்டிப் போயிருப்போம். இப்போது அதில் 412 ஃபைல்கள். எதற்கும் பெயர் இல்லை, # போட்டுப் பட்டா எண் மட்டும்.

பெயரில்லாவிட்டாலும் ஒரு ஃபைல் என்ன வகை என்பதை அதன் முதல் சில பைட்டுகள் காட்டிக்கொடுக்கும். போட்டோரெக் மாதிரியான மென்பொருள்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான். அதைப் பார்த்து 412-இல் எழுத்து ஆவணங்களை மட்டும் பிரித்தேன், நூற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவும் செய்யலாம். ஆனால் எனக்கு வேறு யோசனை வந்தது. லிப்ரே ஆபீஸ் ஆவணம் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை. ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, உள்ளே இருக்கும் எழுத்தில் ஒரே ஒரு சொல்லைத் தேடும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். சொல்: கலுங்கு. பதினோரு வருஷத்தில் நான் வடிவமைத்த நாவல், கவிதை, சமையல் குறிப்பு, ஜோதிடம் எதிலும் அந்தச் சொல் வந்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் வந்தது #13107214. திறந்தால் மூன்றாம் அத்தியாயம். அதற்கு அடுத்தடுத்த எண்களிலேயே மற்றவையும் கிடைத்தன. ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களுக்குப் பக்கத்துப் பக்கத்துப் பட்டாவாகத்தான் இஎக்ஸ்டி4 ஒதுக்கப் பார்க்கும், ஒரே தெருவில் வீட்டு மனை போட்ட மாதிரி. கலுங்கு என்ற சொல்லே வராத முன்னுரையைக்கூட எண்ணை வைத்துத்தான் பிடித்தேன்.

எட்டு அத்தியாயம் முழுசாக வந்தது. ஐந்தாவது, மடைகளைப் பற்றியது, வரவில்லை. ஃபைல் இருந்தது, நடுவில் 4 கேபி வெறும் பூஜ்யம். சுருக்கிக் கட்டிய மூட்டையில் நடுவில் ஓட்டை விழுந்தால் அதற்கு அப்புறம் இருப்பது எதுவும் பிரியாது. ஆறு பக்கம் தெளிவாக வந்தது. ஏழாவது பக்கத்தில் 'மடைக்கு மேற்கே' என்ற இடத்தில் நின்றது, அதோடு சரி. அதன்மேல் ரெண்டு நாள் செலவழித்தேன். அந்த ரெண்டு நாளில் திருப்பி டைப் செய்திருக்கலாம்.

கடைசியில் செய்ததும் அதைத்தான். ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கொஞ்சம் சந்தோஷப்பட்டார் என்றே தோன்றியது. திருத்தத்துக்காக நான் கொடுத்த பிரின்ட் அவரிடம் இருந்தது, சிவப்பு மையில் ஓரமெல்லாம் எழுதி. அதோடு சாயங்காலம் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "இங்க ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி, சேர்த்துக்கோங்க" என்று சொல்லச் சொல்ல மூன்று ராத்திரி அடித்தேன்.

யுபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்டாயிற்று. மணிபிளான்ட்டை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு ஹோம் பார்ட்டிஷன் முழுவதும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்குத் தானாக நகல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கிறேன்.

ஐந்தாம் அத்தியாயம் முன்பு 31 பக்கம், இப்போது 34. அட்டை இன்னும் வரவில்லை.